அறுபதாம் படியும் ஐந்து லிட்டர் ஆயிலும்

என் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவதில்லை. படித்த பக்கங்கள் எனக்கு மறக்காது; வரி பக்கத்தின் மேற்பாதியில் இருந்ததா கீழ்ப்பாதியில் இருந்ததா என்றுகூடச் சொல்வேன். எப்போது படித்தேன் என்பது மட்டும் நிற்காது. மற்ற புத்தகங்களில் அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை. இந்த ஒன்றில், எப்போது படித்தேன் என்பதைத் தவிர வேறெதுவும் முக்கியமில்லை.

1985 சித்திரையில் என் அக்காள் வசந்தாமணியின் கணவர் அப்புசாமி ஒரு கார் வாங்கினார். ஏதோ ஒரு நாட்டுத் தூதரகத்தில் ஓடி, மதராஸில் ஏலத்துக்கு வந்த வெளிநாட்டுக் கார். டீசல் வண்டி, அதிலும் டர்போ வைத்தது. திருச்செங்கோட்டில் அதற்குமுன் அப்படி ஒரு காரை யாரும் பார்த்ததில்லை. மச்சானுக்கு இரண்டு ரிக் லாரிகள் இருந்தன. ஒன்று ஆந்திராவிலும் மற்றொன்று எங்கள் பக்கத்துக் காடுகளிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டிருந்தன. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கிளை நூலகத்தில் வேலை, அக்காள் வீட்டில் சாப்பாடு. நூலகத்தின் ஜன்னலுக்கு நேர் எதிரே மச்சானின் ரிக் ஷெட்.

காரோடு ஒரு புத்தகம் வந்தது. பாதி வேறு பாஷை, பாதி இங்கிலீஷ். வந்த அன்றே அதை என் மடியில் போட்டார்.

"என்னென்ன சொல்றான்னு படி, மாப்ள."

படித்தேன். நான்கு சிலிண்டர். இரண்டாயிரத்து முன்னூறு சி.சி. எண்பது குதிரைச்சக்தி. அழுத்த விகிதம் இருபத்தொன்றுக்கு ஒன்று. எஞ்சின் ஆயில் ஐந்து லிட்டர். புகைபோக்கிக்குப் போகும் காற்றைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனையால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் முறை சுற்றும் என்று போட்டிருந்தது.

"எம்பது குதிரைங்கறான்," என்றார் மச்சான். "ரெண்டு எருமைய மேய்க்கறதுக்கே இந்த ஊட்டுல ஆளில்ல."

டிரைவர் தீர்த்தகிரி வண்டியைத் துடைத்துக்கொண்டே, "குதிரைக்குப் புல்லு வேண்டாமுங்க மொதலாளி, அது ஒண்ணுதான் லாபம்," என்றார்.

எல்லோரும் சிரித்தோம். விவர அட்டவணை முடிந்ததும் மச்சானுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. புத்தகம் என் அலமாரிக்கு வந்தது. அதன்பின் அன்றிரவே நான் மீதியைப் படித்திருக்கலாம். படிக்காமலும் இருந்திருக்கலாம்.

தீர்த்தகிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவர், மெலிந்த உடம்பு. எட்டு வருஷம் மச்சானின் ரிக் லாரியை ஓட்டினார். முதுகு வலி வந்த பிறகு காருக்கு மாற்றினார்கள். மூத்த பெண் மாரியாயிக்கு ராசிபுரம் பக்கத்தில் சம்பந்தம் பேசி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

மச்சானிடம் ஒரு சட்டம் உண்டு. ரிக் தொழிலில் டீசல்தான் உயிர். அதை ஆட்கள் குழாய் வைத்து உறிஞ்சி விற்பது எல்லா ரிக் முதலாளிகளும் அனுபவிக்கிற கஷ்டம். அதனால் யாரையும் நம்பமாட்டார். ஒரு நிமிடம்கூட எஞ்சினைச் சும்மா ஓட விடமாட்டார். "வண்டி நிக்கறக்கு முன்னால எஞ்சின் நிக்கோணும்" என்பார். தீர்த்தகிரி அதை ஒரு வித்தையாகவே ஆக்கியிருந்தார். சேலத்திலிருந்து அறுபது எழுபது மைல் வேகத்தில் வந்தாலும், ஷெட் வாசலுக்கு நூறு அடி முன்பே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். கார் சத்தமில்லாமல் உருண்டு வந்து சரியாகத் தன் இடத்தில் நிற்கும். ஜன்னலிலிருந்து நான் பலமுறை அதை ரசித்திருக்கிறேன். மச்சான் அதைப் பார்க்க விருந்தாளிகளை வாசலுக்கு அழைப்பார்.

ஆனி மாதம் ஆயில் குறைய ஆரம்பித்தது.

சனிக்கிழமை காலை, எஞ்சின் சூடேறும் முன் மச்சானே ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பார். முதல் வாரம் கம்பியில் ஒரு விரற்கடை குறைவு. அடுத்த வாரம் அரை லிட்டருக்கு மேல். அதற்கடுத்த வாரம் ஒரு லிட்டர். காருக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. தினத்தாளை விரித்துவைத்துப் பார்த்தார். காலையில் தாள் கறையில்லாமல், வாங்கியபடியே இருந்தது. காலையில் கிளப்பும்போது கொஞ்சம் நீலப்புகை வந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் ரிக் லாரி நின்று புகை கக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் அதை யார் பொருட்படுத்துவார்கள்?

"சொட்டலை. அப்ப ஆரோ எடுக்கறாங்க," என்றார் மச்சான்.

அதில் குற்றம் காண எனக்கும் தோன்றவில்லை. ஒழுகாத பாத்திரத்தில் பால் குறைந்தால் நாமும் அப்படித்தான் நினைப்போம்.

களத்தில் சோள அம்பாரத்தின்மேல் சாணிப்பாலால் குறி வைத்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குப் போவார்கள். காலையில் குறி கலைந்திருந்தால் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். மச்சான் அதே யோசனையில் எஞ்சினுக்கு அடியில் படுத்து, ஆயில் இறக்கும் போல்ட்டின்மேல் வெள்ளைப் பெயிண்டால் குறி வைத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குறி அப்படியே இருந்தது. ஆயில் இல்லை. அவர் முகம் இன்னும் இறுகியது.

"குறி கலையாம எடுக்கறான்னா எத்தனை நாள் பழக்கம் இருக்கோணும், பாரு."

அப்போது முதல் வீட்டில் பேச்சு குறைந்தது. தீர்த்தகிரி கைகழுவும்போது அக்காள் அவர் கையைப் பார்த்தாள். மச்சான் அவர் சட்டையைப் பார்த்தார். நான் ஜன்னலிலிருந்து எல்லோரையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, அவர் செய்கிற ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரிந்தது. குனிந்தால் எதற்குக் குனிகிறார், திரும்பிப் பார்த்தால் யாரைத் தேடுகிறார் என்று மனம் கேட்டது. ஒரு மனிதரைச் சந்தேகத்தோடு தொடர்ந்து பத்து நாள் பார்த்தால், பதினோராவது நாள் அவர் திருடனாகத்தான் தெரிவார். அந்த வயதில் எனக்கு இது தெரியாது.

ஆடி பிறந்த வாரம் ஒரு மாலை, அவர் சைக்கிள் கேரியரில் ஒரு தகர டின்னை வைத்துக் கயிற்றால் கட்டுவதைப் பார்த்தேன். மேலே சாக்கு போட்டு மூடினார்.

அன்று சாப்பிடும்போது மச்சான் கேட்டார். "எதுத்தாப்லயே உக்காந்திருக்கறயே, ஏதாச்சும் பாத்தியா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எதற்கும் உடனே பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. டின் சாதாரண விஷயமாக இருக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மௌனம் நீண்டுவிட்டது. அக்காள் சாதம் போடுவதை நிறுத்திவிட்டாள்.

"ஒரு டின் பார்த்தேன்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். உடனே சொல்லியிருந்தால் அது வெறும் டின். அத்தனை நேரம் கழித்துச் சொன்னதால் அது சாட்சியாகிவிட்டது.

மறுநாள் மச்சான் தீர்த்தகிரியைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "வெள்ளிக்கிழம காத்தால மலைக்குப் போலாம். அறுவதாம் படில சொல்லிரு. நீயும் நிம்மதியா இருக்கலாம், நானும் நிம்மதியா இருக்கலாம்."

தீர்த்தகிரி துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்துமுடித்து உதறிவிட்டுத்தான் பேசினார். "படிக்கு வரச் சொல்றீங்களா மொதலாளி?"

"எடுக்கலைன்னா வரக்கு என்ன?"

"எடுக்கலீங்க. ஆனா படிக்குப் போயிட்டு வந்தவன்னு ஒரு பேரு நின்னு போவுமுங்க. ராசிவரத்துக்காரங்க காதுல உழுந்தா புள்ள காரியம் என்னாவறது?"

"வராம இருந்தா அதைவிட மோசமான பேரு நிக்கும்."

எங்கள் ஊர் மலைக்கோயிலுக்கு ஏறும் படிவரிசையில், பாறையில் பெரிய நாகம் செதுக்கிய நாகர் பள்ளத்தைத் தாண்டிய பிறகு வரும் அறுபது படிகளைச் சத்தியப் படி, அறுபதாம் படி என்பார்கள். அங்கே தீபம் ஏற்றிச் செய்த சத்தியத்தைக் கோர்ட்டுகூட ஒருகாலத்தில் ஒப்புக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் போலீசுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. அந்தப் படிக்குப் பயப்படாதவர்களை நான் கண்டதில்லை. பொய்ச் சொல் சொன்னவன் குடும்பம் தழைக்காது என்பது பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் ஏறினோம். ஆடி வெள்ளியானதால் கூட்டம். தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர், எங்களைக் கண்டு தற்செயலாக நிற்பதுபோல் நின்றார்கள். தீர்த்தகிரி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். தானே கற்பூரம் வாங்கி வந்திருந்தார். ஏற்றினார்.

மச்சான் வாசகம் சொன்னார். "இந்த ஊட்டு ஆயில ஒரு சொட்டுக்கூட நான் எடுக்கலைன்னு சொல்லு."

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கற்பூரத்தைப் பார்த்தார்.

"கார் ஆயில எடுக்கலைன்னு சொல்றனுங்க."

"ஒரு சொட்டுக்கூட ஒண்ணும் எடுக்கலைன்னு சொல்லு. அதென்ன கார் ஆயிலு?"

"ரிக்குல கழட்டுன பழைய ஆயிலு எடுத்தனுங்க. ரெண்டு டின்னு. மாட்டுக்கொட்டாய் மரத்துல கறையான் ஏறுது, கொட்டாய்க் கால்ல பூசறதுக்கு. முதல் டின்னுக்கு உங்களக் கேட்டேன், எடுத்துக்கன்னீங்க. ரெண்டாவது டின்னுக்குக் கேக்கலீங்க. இந்த ஆடி பொறந்தப்ப எடுத்தது." அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அதனால ஒரு சொட்டுக்கூடங்கற வார்த்தைய இந்தப் படில என்னால சொல்ல முடியாதுங்க."

கழிவு ஆயிலை ஷெட்டுக்குப் பின்னால் மண்ணில்தான் கொட்டுவார்கள். யாருக்கும் வேண்டாதது. வேறு எந்த ஊரிலும், வேறு எந்த இடத்திலும் ஒரு மனிதர் அதைக் கணக்கில் எடுக்காமல் சத்தியம் செய்துவிட்டு இறங்கிப் போயிருப்பார்.

மச்சான் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "கேட்டீங்களா? அவனே ஒத்துக்கிட்டான்."

என் உதடு பிரிந்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. ஏதோ சொல்ல வந்தேன். பழைய ஆயில் வேறு, புது ஆயில் வேறு என்று சொல்ல வந்தேனா? அல்லது புத்தகத்தில் இருந்த அந்த வரியைச் சொல்ல வந்தேனா? இது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. நான் சொல்லவில்லை.

தீர்த்தகிரி இடுப்பிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார். முதலாளியிடம் நீட்டவில்லை. என் கையில் வைத்தார். "டின்னப் பாத்தது நீங்கதானுங்களே சாரு. நீங்களே வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த மூன்று வாரம் ஆயில் குறையவில்லை. ஓட்ட ஆளில்லாமல் கார் ஷெட்டிலேயே நின்றது என்பதை யாரும் யோசிக்கவில்லை. மச்சான் சனிக்கிழமைதோறும் கம்பியை எல்லோரிடமும் தூக்கிக் காட்டினார். ராசிபுரத்துக்காரர்கள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம் என்றார்களாம். தள்ளிவைப்பது என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். தீர்த்தகிரி குடும்பத்தோடு நாமகிரிப்பேட்டைக்குப் போய், மஞ்சள் மண்டி லாரி ஒன்றில் சேர்ந்தார்.

ஆவணியில் மச்சான் என்னிடமிருந்து சாவியை வாங்கித் தானே காரை ஓட்ட ஆரம்பித்தார். அவரும் அதே போலத்தான் நிறுத்தினார். ஆயில் மறுபடியும் குறைந்தது. ஷெட்டுக்குப் பூட்டு வந்தது. பூட்டுச் சாவி அவர் தலையணைக்கு அடியில் போனது. ஒருநாள் என்னிடம், "உன்ற ஜன்னல்ல இருந்து எல்லாம் தெரியுமே," என்றார். அதில் என்ன தொனி இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நேரம் ஆகவில்லை. அந்த வீட்டுச் சாப்பாடு அன்றுமுதல் எனக்கு இறங்கவில்லை. தீர்த்தகிரி எங்களிடையே அத்தனை நாள் எப்படி நடமாடியிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசியில் காருக்கு இழுவை குறைந்தது. மேட்டில் திணறியது. சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் நசுருல்லா என்ற மெக்கானிக் டீசல் எஞ்சின்களுக்குப் பெயர் பெற்றவர், அவரிடம் போனோம். நான் துணைக்கு. பட்டறை வாசலில் மச்சான் வழக்கம்போல் எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவியை மறுபடி திருப்பினார். உருவியே எடுத்துவிட்டார். எஞ்சின் இன்னும் வேகமாக இரைந்தது. யாரும் மிதிக்காமல் தானாக ஏறிக்கொண்டே போனது. பின்னால் தெருவே தெரியாதபடி நீலப்புகை. மச்சான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நசுருல்லா வாசலில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, பானெட்டைத் தூக்கி, காற்று போகும் குழாய் வாயில் அமுக்கிப் பிடித்தார். எஞ்சின் இருமிக்கொண்டே செத்தது.

"டீசல் இல்லாமலே ஓடுது பாத்தீங்களா?" என்றார், மூச்சு வாங்கியபடி. "அதோட சொந்த ஆயிலையே குடிச்சு ஓடுது."

குழாயைக் கழற்றிச் சாய்த்தார். உள்ளே தேங்கியிருந்த ஆயில் தரையில் கொட்டியது. டர்போ சக்கரத்தை விரலால் ஆட்டிக் காட்டினார். ஆடவே கூடாத அது பால்பல் மாதிரி ஆடியது. "ஆயிலத் தடுக்கற சீல் போச்சு. சைலன்சர் பக்கம் பாதி, எஞ்சினுக்குள்ள பாதின்னு ரெண்டு பக்கமும் ஆயிலத் தள்ளிருக்கு. எல்லாம் எரிஞ்சு போயிடும். கீழ சொட்டாது. உங்களுக்கு எத்தன மாசமா ஆயில் கொறையுது?"

மச்சான் தரையில் கொட்டிய ஆயிலையே பார்த்தார். நான், "ஆனியிலிருந்து," என்றேன்.

"வேகமா வந்து டக்குன்னு ஆஃப் பண்ணுவீங்களோ?"

"நிக்கறக்கு முன்னாலயே," என்றார் மச்சான். அவர் குரலில் அப்போதும் ஒரு பெருமை மிச்சமிருந்தது. அடுத்த கணம் அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.

"அதுதான். எஞ்சின் நின்னா ஆயில் பம்ப்பும் நின்னுரும். அந்தச் சக்கரம் நிக்காது, பழுக்கக் காஞ்சு சுத்திக்கிட்டே இருக்கும். ஆயில் இல்லாம பேரிங் தேயும், இருக்கற ஆயிலும் கரியாப் புடிச்சுக்கும். ரெண்டு நிமிசம் சும்மா ஓட உட்டு அணைச்சா இது பத்து வருசம் கேக்கும். வண்டியோட புஸ்தகம் வரலியா? அதுல கட்டாயம் போட்டிருப்பானே."

"புஸ்தகம் இவன்ற கிட்டத்தான் இருக்குது," என்றார் மச்சான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்த மௌனத்தையும் நீளவிட்டேன். பிறகு, "அப்படிப் பார்த்ததாக ஞாபகமில்லை," என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். சங்ககிரி தாண்டியதும் மச்சான், "அவன் போறப்ப ஏதாச்சும் பண்ணி உட்டுட்டுப் போயிருப்பான்," என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்கு அந்த நினைப்பு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். முப்பத்தொன்றாம் பக்கம். கீழ்ப்பாதி. வேகமாக ஓட்டிய பின் அணைக்கும் முன் எஞ்சினை ஓரிரு நிமிடம் மெதுவாக ஓட விடவும். அந்த வரிக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. என் கோடு. எல்லாப் புத்தகங்களிலும் நான் அப்படித்தான் இழுப்பேன், கடைசியில் லேசாக மேலே வளையும்.

சித்திரையில் முதல்முறை புரட்டியபோது இழுத்ததா? ஆவணியில் மச்சான் என்னைச் சந்தேகித்த பிறகு, எதையாவது தேடிப் புரட்டினேனே, அப்போது இழுத்ததா? ஆவணி என்றால் நான் சோம்பேறி மட்டுமே. படித்துவிட்டு, அர்த்தம் உறைக்காமல் மறந்துவிட்டேன். சித்திரை என்றால், படியில் என் உதடு பிரிந்தது எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ள வேண்டும். பென்சில் கோட்டில் தேதி இருக்காது.

நான் ரப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தேன். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வீட்டில் வேறு யாரும் அந்தப் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை. யாருக்காக அழித்தேன்? காகிதத்தில் பள்ளம் அப்படியே நின்றது. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

கார்த்திகையில் நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். தீர்த்தகிரி மண்டியில் லாரிக்குப் படுதா கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்தார். ஒரு பெட்டிக்கடையில் டீ வாங்கித் தந்தார். எஞ்சின்தான் ஆயிலைக் குடித்தது என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியுமுங்களே. வேற என்னமோன்னு நெனச்சேன்." டீயை ஆற்றினார். "மொதலாளி என்ன சொன்னாருங்க?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"அவரு வரமாட்டாருங்க. நீங்க வாங்க சாரு. ஒரு வெள்ளிக்கிழம, நாலு பேரு இருக்கறப்ப, அதே படில நின்னு எஞ்சின்தான் குடிச்சுதுன்னு சொல்லிருங்க. நான் ராசிவரத்துக்காரங்களயும் கூட்டியாரேன். படிச்சவரு சொன்னா ஒத்துக்குவாங்க. புள்ள இன்னம் அந்தக் கல்யாணச் சேலைய எடுத்து எடுத்து வெக்குது." டீயைக் குடித்து முடித்தார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது, அதயும் சொல்லிருங்க. படிங்கறதால சொல்றேன், முழுசாச் சொல்லோணும்."

"வர்ற வெள்ளிக்கிழமையே வாரேன்," என்றேன்.

நான் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அடிவாரம் வரை மட்டும் போனேன். எஞ்சின்தான் குடித்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. எப்போது தெரிந்தது என்பதுதான். ஐப்பசியில் தெரிந்தது என்று அந்தப் படியில் சொல்ல என் வாய் வராது. சித்திரையிலேயே தெரியும் என்று சொல்லவும் வராது. தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் கோட்டை அழித்த கை என்னுடையது. மேலே அவர்கள் காத்திருந்திருப்பார்கள். நான் அடிவாரத்தில் ஒரு செருப்புக் கடையின் நிழலில் வெயில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ராசிபுரத்துச் சம்பந்தம் அந்த மாதமே முறிந்தது. மாரியாயிக்கு மூன்று வருஷம் கழித்து ஆத்தூர்ப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கல்யாணம் ஆனது. தீர்த்தகிரி மண்டி லாரியைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினார்; தூக்கத்தில் இறந்தார். மச்சானின் காரைச் சேலத்திலிருந்து கட்டி இழுத்து வந்தார்கள்; புது டர்போ கிடைக்காமல் ஷெட்டிலேயே துருப்பிடித்து, பழைய இரும்புக்குப் போனது. அவர் பிறகு நான்கு ரிக் லாரி வாங்கினார். ஒவ்வொன்றிலும் டர்போ இருந்தது, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஓட விட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று ஆட்களுக்கு உத்தரவு போட்டார், காரணம் சொல்லவில்லை. அக்காள் அவரோடு இருக்கிறாள். நசுருல்லாவின் பட்டறையை இப்போது அவர் தம்பி மகன் நடத்துகிறான். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. மலைக்கு ரோடு வழியாகத்தான் போகிறேன், படி வழியாகப் போவதில்லை.